பெருவிரலுக்கு ஒரு பள்ளம்

ஐறீனுடைய கத்தி ஜப்பான் கத்தி. சண்டை தொடங்குவதற்கு முன்னர் புறக்கோட்டை நடைபாதையில் குவித்துப்போட்டு விற்ற மலிவுச் சாமான். அலகு மெல்லியது, பிடி பெட்டிப் பலகையைச் சீவிச் செய்ததுபோல இருக்கும். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு, அவளுடைய கணவன் கிளறன்ஸுக்கு அந்தக் கத்தியைக் கண்டாலே பகிடி.

“எதிரியை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறீர். குண்டுக்காவல் பார்க்கிற ஏ.ஆர்.பி.காரன் வந்து கேட்டால் என்ன சொல்லுவீர்?”

“கைதி எண்டு சொல்லுவன்,” என்பாள் ஐறீன், வெட்டுவதை நிறுத்தாமல்.

கொட்டாஞ்சேனையில் ஐறீன் என்ற பேரில் பல பேர் இருந்தார்கள். லிங்குஸ் ஐறீன் என்றால் அவள் ஒருத்திதான். கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு லிங்குஸ் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. பன்றி இறைச்சியையும் கொழுப்பையும் மசாலாவில் ஊறவைத்துக் குடலில் அடைத்துச் செய்கிற அந்தச் சொசேஜை மெஷினில் அரைத்துச் செய்பவர்களும் உண்டு. ஐறீன் அரைக்கமாட்டாள். கொழுப்பு வாயில் தனியாகத் தட்டுப்பட வேண்டும். அதற்குக் கத்தியால்தான் வெட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. மார்கழி பிறந்தால் விடியற்காலைப் பூசை முடிந்து வரும் பெண்கள் அவள் வாசலில் நின்று, எங்கள் வீட்டையும் மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் தவக்காலத்தில் அவளுடைய வலது கைப் பெருவிரலில் நகச்சுற்று வந்தது. பெரியாஸ்பத்திரியில் கீறி விட்டார்கள். புண் ஆறிற்று, விரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. மற்ற நான்கு விரல்களால் கத்தியைப் பிடித்தால் அது கைக்குள் சுழன்றது. போதாக்குறைக்குப் பலகைப் பிடியும் நெடுக வெடித்துவிட்டது. புதுக்கத்தி வாங்கலாம் என்றால், கப்பல்களில் வருவது துவக்கும் வெடிமருந்தும்தான், கத்தி வருவதில்லை. இந்த நத்தாருக்கு வெட்ட முடியாமற்போனால் வாடிக்கை வீடுகள் மெஷின் லிங்குஸுக்குப் பழகிவிடும். பிறகு அவள் யாருக்கும் லிங்குஸ் ஐறீன் இல்லை. விரல் மடங்காத ஒரு பொம்பிளை.

வழி சொன்னது கிளறன்ஸ்தான். துறைமுகத்தில் அவனோடு வேலை செய்த ஒஸ்வால்டுக்குக் கப்பியில் விரல்கள் போனபோது, மிச்சக் கைக்குப் பொருந்தக் கைத்தடி செய்துகொடுத்தவர் மருதானையில் இருந்தார். பெயர் இஸ்ஸதீன். குடைக்கும் தடிக்கும் எருமைக்கொம்பில் பிடி போடுகிறவர்.

“ஆனால் ஒண்டு,” என்றான் கிளறன்ஸ். “சோனக மனுசன். என்ன இறைச்சி வெட்டிற கத்தி எண்டு வாயைத் திறந்திடாதையும்.”

அவன் சொல்லவே தேவையில்லை. முஸ்லிம் ஆட்கள் முன்னால் அந்த மிருகத்தின் பெயரைச் சொல்லாமல் இருப்பது அவள் சிறுவயதில் பழகிய மரியாதை. கத்தியைச் சாம்பலும் எலுமிச்சங்காயும் போட்டு அலகு வெளுக்கத் தேய்த்துத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

இஸ்ஸதீனின் கடை, சைக்கிள் திருத்துகிற ஸவாஹிரின் கடையோடு ஒட்டியிருந்த ஒரு நீட்டு அறை. அவர் கத்தியைத் துணியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கா தங்கச்சி, கொம்புப் பிடி? கழுதைக்குப் பட்டுச் சால்வ போத்துற மாதிரி ஈக்கிது.”

“என்ன செய்யிறது நானா, எனக்கு வாய்ச்சது இந்தக் கழுதைதான்.”

அவர் சிரித்தார். “என்ன வெட்டுற?”

“மரக்கறி,” என்றாள். பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவர் தேன்மெழுகை நெருப்பில் காட்டிப் பிசைந்து, ஒரு குச்சியைச் சுற்றி அப்பி, அவள் கையில் கொடுத்தார். வெட்டுகிற மாதிரிப் பிடித்துக்காட்டச் சொன்னார். அவள் பயற்றங்காய் நறுக்குவதுபோல மெதுவாகக் காற்றில் நறுக்கினாள். மெழுகு ஆறியதும் கையைத் திறந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தார்.

ஐறீன் எட்டிப் பார்த்தாள். அவளுடைய கை அங்கே இருந்தது. உள்ளங்கை ரேகை, மோதிரத்தின் தடம், விரல்களுக்கிடையிலான மேடுகள் எல்லாம். இத்தனை வருடம் தன்னோடு இருந்த கையை இப்போதுதான் உள்ளேயிருந்து பார்ப்பதுபோல இருந்தது. சிலுவை அடையாளம் போடக் கை எழுந்தது; கடை யாருடையது என்று நினைத்து இறக்கிக்கொண்டாள்.

சில நாளில் பிடி வந்தது. கருங்கண்ணாடி போல மினுக்கம். கேட்காமலே அலகையும் தண்ணீர்க்கல்லில் தீட்டி வைத்திருந்தார். வீட்டில் பயற்றங்காய் வெட்டிப் பார்த்தாள். கத்தி தன்பாட்டில் போனது. கிளறன்ஸ்கூடப் பகிடியை விட்டுவிட்டுத் தடவிப் பார்த்தான்.

பிறகு இறைச்சி வந்தது. கொழுப்பில் கை பட்டதும் மினுக்கிய கொம்பு மீனைப்போல நழுவியது. நழுவாமல் அழுத்தினாள், கை முன்னே சறுக்கி அலகில் ஏறிற்று. நல்லவேளை, தோல்தான் கீறியது. அவள் இரத்தத்தைச் சூப்பிக்கொண்டு நெடுநேரம் அந்தப் பிடியைப் பார்த்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை. அவள் சொன்ன வேலைக்கு அவர் செய்திருந்தார்.

அது மரியாதைக்குச் சொன்ன பொய்யா, வேலையை ஏற்கமாட்டார் என்ற பயத்தில் சொன்ன பொய்யா? கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு மருதானைக்கு நடக்கும்போது வழி நெடுக யோசித்தாள். இரண்டும் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. பிரிக்க முடியவில்லை.

கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனாள்.

“நானா, நான் பொய் சொன்னனான். இது மரக்கறிக் கத்தி இல்லை. நான் நத்தாருக்கு லிங்குஸ் செய்யிறனான்.”

இஸ்ஸதீன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். லிங்குஸ் என்றால் என்னவென்று கொழும்பில் யாருக்குத் தெரியாது?

“மரக்கறி என்டு ஏன் சொன்ன?”

“உங்களுக்கு முன்னால அந்தப் பேரைச் சொல்லக்கூடாது எண்டு.”

“பேரச் சொன்னா காதுல மட்டும்தானே படும்,” என்றார். குரல் உயரவில்லை. “இப்ப கையில, கல்லுல எல்லாம் ஈக்கிதே, தங்கச்சி.”

அவர் எழுந்து பின்பக்கம் போனார். துரத்தப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ ஒரு வாளி தண்ணீரும் சிரட்டையில் மண்ணும் கொண்டுவந்து வாசலில் குந்தினார். தண்ணீரில் மண்ணைக் கரைத்துக் கையில் பூசித் தேய்த்தார், கழுவினார். பிறகு வெறும் தண்ணீர், மறுபடியும், மறுபடியும், ஏழு தரம் நிறையும் வரை. அடுத்து தண்ணீர்க்கல்லுக்கும் அதேபோல. ஐறீன் அவர் முகத்தில் அருவருப்பைத் தேடினாள். இல்லை. பீடத்தில் குருவானவர் விரல் கழுவும்போது இருக்கிற அமைதிதான் இருந்தது. சொல்லவே கூடாது என்று அவள் இவ்வளவு காலம் பொத்தி வைத்திருந்த ஒன்றுக்கு, இந்த மனுசனிடம் தண்ணீரும் மண்ணும் ஒழுங்கும் ஆயத்தமாக இருந்திருக்கின்றன.

பக்கத்துக் கடையிலிருந்து ஸவாஹிர் தலையை நீட்டினார். “என்ன நானா, கல்லக் குளிப்பாட்டுறீங்க? பொண்ணு பாக்க வாறாங்களா?”

“ஓ, ஒன்ட மகனுக்குத்தான் பாக்கிற. போய் டியூபுக்குக் காத்தடி.”

கையைத் துடைத்துக்கொண்டு ஐறீனிடம் திரும்பினார்.

“கத்தியத் துணியில இருந்து எடுக்க வாணாம். இனி நான் அதப் புடிக்கவும் மாட்டன். ஆனா பிடி செய்யக் கத்தி தேவல்ல. பிடிக்குள்ள போற அதுட வால் எவ்வளவு என்டு எனக்குத் தெரியும். ஒங்கட மாப்புள பூட்டிக்குவாரா?”

“பூட்டுவார்,” என்றாள்.

“கொழுப்பு வழுக்கும், என்ன?” போத்தலில் இருந்த தேங்காயெண்ணெயைக் காட்டினார். “கையில பூசுங்க. நல்லா. இனி உள்ளபடி வெட்டிக் காட்டுங்க. வெக்கப்பட வாணாம்.”

அவள் எண்ணெய்க் கையால் மெழுகைப் பிடித்து, பலத்தை எல்லாம் தோளிலிருந்து இறக்கி, கொழுப்பை வெட்டுவதுபோல வெட்டினாள். ஒரு முஸ்லிம் கடையின் நடுவில் நின்று, இல்லாத பன்றியைத் துண்டு துண்டாக்கினாள். அவர் கண் இமைக்காமல் அவளுடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது மடங்காது,” என்றாள் வெட்கத்தோடு.

“மடங்காட்டிக் கெடக்கட்டும். படுக்க எடம் குடுப்போம்.”

இரண்டாவது பிடியில் மினுக்கம் இல்லை. அரத்தின் பல் பட்ட சொரசொரப்பை அப்படியே விட்டிருந்தார். அலகுப் பக்கம் கை முன்னே போகாமல் தடுக்க ஒரு மேடு. முதுகிலே நேராக ஒரு பள்ளம். கிளறன்ஸ் அரக்கை உருக்கி ஊற்றி, விரலைச் சுட்டுக்கொண்டு, ஜப்பானை மொத்தமாகத் திட்டியபடி கத்தியின் வாலைச் செருகினான். கத்தியை மறுபடி தொடாமல், கண்ணில் நின்ற அளவிலேயே இஸ்ஸதீன் துளைத்த துளை. வால் இறுகப் போய் உட்கார்ந்தது. கிளறன்ஸின் வாய் மூடிக்கொண்டது.

ஐறீன் கொழுப்பில் கையை வேண்டுமென்றே தோய்த்து எடுத்துப் பிடித்தாள். செத்த விரல் பள்ளத்தில் நீட்டிப் படுத்தது. அழுத்தினாள். இத்தனை மாதம் உதவாமல் நின்ற விரல்தான் இப்போது கத்தியை மேலிருந்து அமுக்கியது. துண்டுகள் சிறிதாய், சதுரமாய்ச் சட்டியில் விழுந்தன. சட்டி நிறையும் வரை அவள் தலை நிமிரவில்லை.

பிறகு சொன்னாள்: “இஞ்சேருங்கோ, நாளைக்கு மருதானைப் பக்கம் போனால் அந்த நானாவிட்ட ஒண்டு சொல்லவேணும். இந்தக் குசினியில இருந்து நான் ஒண்டும் குடுத்துவிட ஏலாது.”

“என்னெண்டு சொல்ல?”

அவள் கத்தியை வைக்காமலே யோசித்தாள்.

“கை வழுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அவருக்கு விளங்கும்.”