பள்ளத்தாக்கில் கேட்ட பெயர்

மழை விட்ட பிறகு யூக்கலிப்டஸ் இலைகளை மிதித்து நடந்தால் எழுகிற வாசனை பலருக்குக் காட்டு வாசனை; எனக்கு அது தடிமன் வாசனை. சிறுவயதில் தடிமன் பிடித்து மூக்கடைத்தால், கொதிநீரில் அந்த இலைத் தைலத்தை இரண்டு சொட்டு விட்டு, போர்வையால் தலையை மூடி, "கண்ணை மூடிக்கொண்டு இழு" என்று அம்மா என்னைக் குனிய வைப்பார். ஆகவே சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் முதன்முதலாக இறங்கிய அன்று, ஒரு மலை முழுவதற்கும் தடிமன் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்து பிளாக்டவுனில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ரயிலில் எங்கேனும் ஒரு சேலைத் தலைப்புத் தெரிந்தால், பெட்டி பெட்டியாக நடந்துபோய் "நீங்கள் எவிடம்?" என்று விசாரிக்கிற அளவுக்குத் தமிழர்கள் அரிதாக இருந்த காலம். அப்பா குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றில் பொறியியலாளர். அவரோடு வேலைசெய்த கெவின் என்ற வெள்ளைக்காரர், மாரியிலும் கோடையிலும் முழங்கால் தெரியக் காற்சட்டை போடுகிற நெட்டை மனிதர், ஞாயிறுதோறும் மனைவி ஜோய்ஸுடன் அந்த மலைப்பாதைகளில் நடக்கப் போவார். எங்களையும் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு அந்த நடை விளங்கவே இல்லை. "கதிர்காமத்துக்குக் காட்டால நடந்தா முடிவில முருகனாவது இருப்பார். இஞ்ச முடிவில என்ன கிடக்கு?" என்றார். "அருவி கிடக்கு," என்றார் அப்பா. "தண்ணி குழாயிலயும் கிடக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போனார். ஆனால் ஞாயிறு காலையில் முட்டை அவித்து, பாணுக்குள் சம்பல் வைத்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, அட்டை கடித்தால் போடவென்று ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் காரில் ஏறி இருந்தவரும் அவர்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று அவர் வளர்ந்த வீட்டில் சொல்லியிருந்தார்கள். நேரே என்றால் "இஞ்சாருங்கோ", மற்றவர்களிடம் "இவர்", என்னிடம் "கொப்பர்". ஊரில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள், எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். இங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன அன்று, அலுவலகப் பெண் கணவர் பெயர் என்னவென்று கேட்க, அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார். நான்தான் "சிவபாதம்" என்றேன். கட்டின புருஷனின் பெயர்கூடத் தெரியாத அப்பாவி என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் அம்மாவை மிகவும் இரக்கத்தோடு பார்த்தாள்.

அலுவலகத்தில் அப்பா வெறும் "சிவா". அம்மாவுக்கு "இஞ்சாருங்கோ". தெரிந்த தமிழர்களுக்கு "தம்பி", இல்லாவிட்டால் "அங்கிள்". பெயரை முழுதாக, கடைசியை நீட்டி, "சிவபாதம்" என்று அழைத்த ஒரே பெண்குரல் அவருடைய தாயாருடையது. அந்தத் தாயார் அதற்கு முந்திய வருஷம்தான் ஊரில் இறந்துபோயிருந்தார். செய்தி இங்கு வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே மகன். கொள்ளி வைத்தது மகன் முறையான யாரோ ஒரு பெறாமகன். அப்பா அன்று பின்படியில் இருந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார், மறுநாள் வேலைக்குப் போனார், அதைப்பற்றிப் பேசவில்லை. அவர் நம்பிக்கைகளைப் பகிடி பண்ணுகிறவர். செத்தவர்கள் கூப்பிட்டால் "ஏன்" என்று கேட்கக்கூடாது, கேட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா எனக்குச் சொல்லும்போதெல்லாம், "பயப்பிடாதை பிள்ளை, பேய்க்கு இந்த நாட்டுக்காரங்கள் விசா குடுக்கமாட்டாங்கள்," என்பார்.

பாதை, மணற்கல்லில் வெட்டிய செங்குத்துப் படிகளாக இறங்கியது. மேலே வெயில் இருந்தது. கீழே போகப்போக வெளிச்சம் பச்சையாகி, மரமளவு வளர்ந்து இறகு இறகாக இலைவிட்ட பன்னச்செடிகள் தலைக்குமேல் விரிந்து, பாறைகள் எல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தன. அம்மா சேலையைத் தூக்கிச் செருகி, கன்வஸ் சப்பாத்தோடு ஒவ்வொரு படியாக "முருகா" சொல்லி இறங்கினார். நடுவில் கெவின் எங்களை நிறுத்தி, ஒருவரையொருவர் தவறவிட்டால் நின்ற இடத்தில் நின்று "கூயீ" என்று குரல் கொடுக்கவேண்டும், கேட்டவர் திருப்பிக் கொடுக்கவேண்டும், இது இந்தக் காட்டுச் சட்டம் என்று சொல்லிக் கத்திக் காட்டினார். அப்பா உடனே பழகிவிட்டார். ஜோய்ஸ் வற்புறுத்தியும் அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாரே தவிர, கத்தவில்லை. "வயலில கிளி கலைக்கிறமாதிரி இதென்ன கூத்து," என்று எனக்குமட்டும் கேட்கச் சொன்னார்.

ஆற்றங்கரையில் ஒரு தட்டைப் பாறையில் இருந்து சாப்பிட்டோம். சம்பல் உறைத்துக் கெவினுக்குக் கண்ணீர் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா கைகழுவிவிட்டு, ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். தண்ணீர் விழுகிற இடமென்றால் போய்ப் பார்க்காமல் அவருக்குப் பொறுக்காது. வெறும் "போறன்" என்று சொல்லாமல், "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர் போய்ச் சற்று நேரத்தில், எங்கள் வீட்டுப் பேச்சில் "புகார்" என்கிற மூடுபனி, மேலிருந்து அல்ல, ஆற்றுப் பக்கமிருந்து எழுந்து வந்தது. முதலில் எதிர்க்கரை இல்லாமல் போனது, பிறகு ஆறு, பிறகு எங்கள் காலடிக்கு அப்பால் இருந்த எல்லாமே. தண்ணீரின் சத்தம் மட்டும் முன்னையைவிடப் பெரிதாகக் கேட்டது. கெவின் எங்களை அந்தப் பாறையைவிட்டு அசையவேண்டாம் என்று சொல்லி, ஆற்றோரமாகத் தேடிக்கொண்டு போனார். அவருடைய கூயீ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமலாகி, நின்றுபோனது. பிறகு ஜோய்ஸ் எங்கள் பாறையிலிருந்து கத்தத் தொடங்கினார். எவரும் பதில் தரவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை குளிர்ந்திருந்ததை இன்றைக்கும் என்னால் உணரமுடியும்.

ஜோய்ஸுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நீ கூப்பிடு," என்று அம்மாவிடம் கெஞ்சினார். "அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடு. உன் குரலென்றால் அவருக்குத் தெரியும்." அம்மா முதலில் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டார். பக்கத்து அறையில் இருப்பவரைச் சாப்பிட அழைக்கிற சத்தம் அது. ஆறு அதை அப்படியே விழுங்கிவிட்டது. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அதுவும் போகவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்து, "சிவபாதம்!" என்று கத்தினார்.

அது அம்மாவின் குரல் அல்ல. பக்கத்தில் நின்ற எனக்கே உடம்பு சிலிர்த்தது. எதிரே இருந்த கண்ணுக்குத் தெரியாத பாறைச்சுவர் அதை வாங்கி, கடைசியை நீட்டித் திருப்பித் தந்தது; பிறகு அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. பள்ளத்தாக்கு முழுவதும் யாரோ ஒருத்தி அப்பாவைத் தேடுவது போலிருந்தது. அம்மா விடாமல் கூப்பிட்டார், தொண்டை கிழியும்வரை கூப்பிட்டார். ஒரு பதிலும் இல்லை. கெவின் தனியாகத் திரும்பி வந்தார்.

வெளிச்சம் குறையத் தொடங்கியதும் எங்களைப் படியேற்றி மேலே கொண்டுவந்து, பொலிசுக்குச் சொன்னார்கள். தேடும் ஆட்கள் மறுநாள் காலைதான் அப்பாவைக் கண்டுபிடித்தார்கள். பாதையிலிருந்து வெகுதூரம் விலகி, ஒரு பாறை விளிம்புக்குக் கீழே, தொடையெலும்பு முறிந்து, குளிரில் பேச்சுக் குழறி. உயிர் இருந்தது. அம்மா அன்று முழுவதும் முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டார்.

சில நாள் கழித்து ஆசுபத்திரிக்குத் தம்பிராசா அங்கிள் பார்க்க வந்தார். எங்களைவிட முந்தி சிட்னிக்கு வந்த மனிதர். அப்பாவுக்கு அண்ணை முறை. கட்டிலுக்கு அருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "படிச்ச மனிசன், பாதையை விட்டிட்டு ஏன் அங்கால போனனீர்?" என்று கேட்டார். அப்பா வெட்கத்தோடு சிரித்தார்.

"கூயீ எண்ட சத்தம் கேட்டுது அண்ணை. அதைப் பிடிச்சுக்கொண்டு வந்துகொண்டுதான் இருந்தனான். நானும் திருப்பிக் கத்தினனான், ஆத்துச் சத்தத்தில அவைக்குக் கேக்கேல்லைப் போல. கிட்ட வந்திட்டன். அப்பத்தான் ஒரு பொம்பிளை என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ. முழுப் பேர். இந்த நாட்டில ஆர் என்னை அப்பிடிக் கூப்பிடுகினம்? அது அம்மா, அண்ணை. அம்மான்ர குரலேதான்." போர்வை விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "கொள்ளி வைக்க வராதவனைத் தேடி வந்திட்டா எண்டு நினைச்சன். எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை, உங்களுக்குத் தெரியுந்தானே. ஆனா கால் தானாத் திரும்பிட்டுது. அந்தக் குரலுக்கு எதிர்ப்பக்கமா ஓடினன்."

அம்மா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிரம்பித் தட்டிலும் வழிந்தது. அவர் நிறுத்தவில்லை, நான்தான் போய்ப் பிளாஸ்கைப் பிடித்தேன்.

அங்கிள் போனபிறகு, அம்மா கட்டிலுக்குக் கிட்டப் போய் நின்று, "அது நான்தான் கூப்பிட்டனான்," என்றார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீரோ? நீர் என்ர பேரைச் சொல்லுவீரோ?"

"நான்தான். பிள்ளையைக் கேளுங்கோ."

நான் ஓமென்று தலையாட்டினேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, "என்னைத் தேற்றுறதுக்குச் சொல்லுறியள்," என்றார். "உம்மட குரல் எனக்குத் தெரியாதோ?"

பாவம், எப்படித் தெரியும்? அவருடைய பெயரை அந்தக் குரல் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லையே. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. அப்பா தன் தாய்தான் வந்தார் என்று நம்பினார்; அம்மா, தான் பெயரைச் சொன்னதால்தான் இது நடந்தது என்று நம்பினார். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், அந்த இரண்டு நம்பிக்கைகளோடும் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அப்பாவின் ஒரு கால் கட்டையாகிவிட்டது. வெளிவேலைகளை விட்டு மேசை வேலைக்கு மாறினார், மலைப் பக்கம் திரும்பவே இல்லை. பொழுதுபடுகிற நேரத்தில் பின்கதவடியில் இருந்துகொண்டு, சிலவேளை யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்புவார். அம்மா உடனே போய் அவர் கண்ணுக்கு முன்னால் நிற்பார். "இஞ்சாருங்கோ" கூட நின்றுபோனது. மறைவான இடத்திலிருந்து அவரைக் கூப்பிடவே மாட்டார். சாப்பாட்டுக்கு அழைப்பதென்றாலும் நடந்துபோய்த் தோளைத் தொடுவார். எனக்கு அந்த அமைதி பிடிக்காது. வீட்டுக்குள் யாரோ நாலாவது ஆள் நிற்பதுபோலவும், எல்லோரும் அவருக்குக் கேட்காமல் நடமாடுவதுபோலவும் இருக்கும்.

போன மாரியில் அப்பா வெஸ்ட்மீட் ஆசுபத்திரியில் கிடந்தார். நினைவு தப்பிவிட்டது. தாதி, மலையாளப் பிள்ளை, மிகவும் தங்கமானவள், "அன்ரி, காதுதான் கடைசியாகப் போகும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அவருக்குக் கேட்கும்," என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவசரமாக ஓமென்று தலையை ஆட்டினார். அவள் போனபின் என் காதோடு, "நான் கூப்பிட்டா அவர் போயிடுவார்," என்றார். கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். அப்பா அப்படியே அமைதியாகப் போய்விட்டார்.

அந்த மலைப்பாதை இப்போது இல்லை. ஒரு பெருமழையில் சரிவு இடிந்து படிகளைக் கொண்டுபோய்விட்டது. மேலே கம்பி கட்டிப் பலகை தொங்கவிட்டிருக்கிறார்கள். கெவினும் ஜோய்ஸும் இல்லை. பிளாக்டவுனில் கார் நிறுத்தும் இடத்தில் இளம் தமிழ் மனைவிகள் புருஷன்மாரின் பெயரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கக் கத்துகிறார்கள், அவர்களும் ஒரு குறையுமில்லாமல் டிரொலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

அம்மாவும் மாறிவிட்டார். இப்போது வாய்க்கு வாய் அந்தப் பெயர்தான். வங்கிக்காரியிடம் எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்; பின்வளவு எலுமிச்சையைக் காட்டி "சிவபாதம் நட்ட தேசி", "சிவபாதத்துக்குப் பிடிச்ச கறி" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறார்; வீட்டில் எவரும் இல்லாதபோது சும்மாவும் சொல்லிப் பார்க்கிறார். இத்தனை வருஷம் சொல்லாததை இப்படிச் சொல்கிறீர்களே, பயமில்லையா என்று போன கிழமை கேட்டேன். தேசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்: "இனி எங்க போகப்போறார்?"