மழை மாசம் மாறிப்போன எஸ்டிமேட்

1. புடிச்சுப்போன கணக்கு

ஒரு எஸ்டிமேட் பாத்ததுமே எனக்குப் புடிச்சுப்போச்சுன்னா, அங்கதான் சந்தேகம் வரும். அன்னிக்கும் அப்படித்தான் ஆச்சு.

நெய்வேலிப் பக்கம் சுரங்கத்துக்கு மேல்மண் அள்ளிக் குடுக்கிற காண்ட்ராக்ட் கம்பெனியில எஸ்டிமேட் போட்டே எனக்குத் தலை நரைச்சுது. ரிட்டயர் ஆனப்புறம் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஷேர் ஆபீசுல வேலைக்குச் சேந்தேன். சின்னச் சுரங்கக் கம்பெனிப் பேப்பர் எது வந்தாலும் என் டேபிளுக்குத் தள்ளிவிட்டுடுவாங்க. இந்த மாதிரி கம்பெனிங்க ஒரு கூடை மண்ணு கூட எடுத்திருக்காது. அதுங்ககிட்ட இருக்கிறது தோண்ட இவ்ளோ செலவாகும்னு ஒரு கணக்கு, அதச் சொல்ற ஆளோட வாய், அவ்ளோதான். ரெண்டையும் நம்பாம இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலு எங்க கஸ்டமர். கடலோரக் குப்பத்துல இருந்து வருவான். மீன் புடிக்கிற பழைய போட்ட வித்த பணம் பேங்க்ல கெடந்துச்சு, புதுசுக்கு அது பத்தல. ஒருநாள் ஒரு கம்பெனி ஷேர் விக்க அச்சடிச்ச புத்தகத்தக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சான்.

"அக்கா, மத்தியப் பிரதேசத்துல மாங்கனீசு சுரங்கமாம். இதுல ரெட்டிப்பாக்கிட்டு நல்ல போட்டா வாங்கிடுறேன்."

"பணம் போயிடுச்சுன்னா?"

"போச்சுன்னா அடுத்தவன் போட்டுல கூலிக்குப் போவ வேண்டியதுதான்."

சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரல.

பிரிச்சுப் பாத்தேன். டீசல் வெலை நியாயமா இருந்துச்சு. டம்பர் லாரி டயர் தேய்மானம் கூட எழுதியிருந்தாங்க. ஏமாத்துறவன் பெரும்பாலும் டயர மறந்துடுவான். அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் நடு வரைக்கும் மழைக்கு வேலை நிறுத்தம்னு கழிச்சிருந்தாங்க. பரவால்லியே, மழைய யோசிக்கிற ஆளுங்கன்னு சந்தோஷப்பட்டேன்.

பாதி டீயில பொறி தட்டுச்சு. ஐப்பசி, கார்த்திகை மழை நம்ம ஊரு மழை. குமராட்சிப் பக்கம் வயல முழுகடிக்கிற மழை. மத்தியப் பிரதேசத்துல அந்த மாசம் வானம் வெளுத்துக் கெடக்கும். ஆனியில புடிச்சா ஆவணி தாண்டி ஊத்துற ஊரு அது. ஆக, நம்ம பக்கத்துச் சுரங்கம் எதுக்கோ போட்ட கணக்க எடுத்து ஊர் பேர மட்டும் மாத்தியிருக்காங்க.

2. ஓட்டல் ஹாலு

அடுத்த வாரம் சிதம்பரத்துல ஒரு ஓட்டல் ஹாலுல அந்தக் கம்பெனி எம்.டி. கூட்டம் போட்டாரு. வேலுவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். டைப் அடிக்கிறவன் தப்பு பண்றது சகஜம். அதனால அவரு ஒத்துக்கிறதுக்கு வழி விட்டுத்தான் கேட்டேன்.

"சார், மழை மாசம் அச்சுல மாறிப்போச்சோ?"

"இல்லீங்க மேடம். எங்க இஞ்சினியருங்க அங்கயே தங்கி எடுத்த கணக்கு. ஐப்பசி கார்த்திகைன்னா மழைதானே, உங்களுக்குத் தெரியாததா?"

மொத்த ஹாலும் தலையாட்டுச்சு. நம்ம ஜனத்துக்கு ஐப்பசின்னா மழை, அவ்ளோதான். வேலுவும் சேந்து ஆட்டினான். எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

வெளிய வந்து வெவரத்தச் சொன்னேன். போன்ல அந்த ஊரு மழை மாசத்தயும் காட்டினேன்.

"ஒரு மாசம் தப்பானதுக்கா இவ்ளோ?"ன்னான்.

"மாசம் தப்புன்னா திருத்திக்கலாம்டா. அங்கயே தங்கினோம்னாரு பாரு, அத எப்படித் திருத்துறது?"

"உங்களுக்கு சாமியே வந்து சொன்னாலும் சந்தேகம்தான்க்கா."

"சாமி ஷேர் விக்க வந்தா சந்தேகப்படத்தான் செய்வேன்."

மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனான். ஆனாலும் அந்த ஷேர வாங்கல. அப்புறம் அவன் மச்சானோட கூட்டு சேந்து ஒரு சின்ன பைபர் போட்டு வாங்கினான்.

இந்த வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்குச் சொல்றேன். கணக்கு எல்லாருக்கும் தப்பும். தப்புன்னு சொல்ல இடம் குடுத்தும் பொய்யச் சொல்றான்னா, அடுத்த பக்கத்தப் பொரட்டாதீங்க.

ஆனா ஒண்ணையும் மறைக்கக் கூடாது. அந்த ஷேர் விழல. சுரங்கத்துல இன்னும் வேலை தொடங்கல, ஷேர் மட்டும் ஏறிக்கிட்டே போவுது. நான் சொன்னதே தப்போன்னு எனக்கும் சில நாள் ஒதைக்குது. வேலு கரைக்கு வந்ததும் அந்த ஷேரோட அன்னிக்கு வெலைய எனக்கு மெசேஜ்ல அனுப்புறான், ஒரு வார்த்தை சேக்காம. நான் பதிலுக்கு, "இன்னிக்கு என்ன மீனு?"ன்னு கேக்குறேன்.

"சங்கரா"ன்னு ஒத்த வார்த்தை வருது. அதுலயும் கோவம்தான்.