தீவுக்கு வந்த தேதி

டோரிண்டா யோன் அட்லாண்டிக் கடலின் நடுவே பிரிட்டனுக்குச் சொந்தமான அசென்ஷன் தீவில் பிறந்தவள். ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில், காலை ஏழு மணிக்கு. ஆனால் இங்கே பிறந்துவிட்டதாலேயே இந்தத் தீவு ஒருவருக்குச் சொந்த ஊராகிவிடாது. வேலை இருக்கும் வரை இருக்கலாம், வேலை போனால் மூட்டையைக் கட்ட வேண்டும். அவள் அப்பா அடுத்த தீவான செயின்ட் ஹெலினாவிலிருந்து தந்தி நிலையத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். அவர் ஓய்வு பெற்றுக் கப்பலேறியபோது டோரிண்டாவுக்குப் பதினெட்டு வயது. அதற்குள் பேக்கரியில் சேர்ந்துவிட்டதால் தப்பித்தாள். அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வருஷம் இந்தத் தீவு தின்ற ரொட்டியெல்லாம் அவள் சுட்டதுதான்.

இடையில் சட்டம் மாறி, இங்கிலாந்தில் குடியிருக்கும் உரிமையை இந்தத் தீவுகளின் மக்களிடமிருந்து பிடுங்கினார்கள். சுமார் இருபது வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு செய்தியும் வந்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் நினைத்தால் நாளைக்கே லண்டனில் போய் உட்காரலாம், ஒருவரும் கேட்க முடியாது. பிறந்த ஊரில் உட்காரத்தான் ஒரு முதலாளி வேண்டும். கடலாமைகள்கூடப் பொரிந்த கரைக்கே முட்டையிட வருகின்றன, அவற்றிடம் யாரும் காகிதம் கேட்பதில்லை என்று டோரிண்டா அடிக்கடி சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அறுபதாவது வயதில் அந்தச் சிரிப்பு நின்றது. வெளியிலிருந்து உறைய வைத்த ரொட்டியை இறக்கிக்கொள்வதாக முடிவு செய்து, பேக்கரியை மூடினார்கள். மாதக் கடைசிக்குள் அவள் கிளம்ப வேண்டும்.

தீவை விட்டுப் போகிறவர்களுக்கென்று சாலையோரத்தில் ஒரு கல் இருக்கிறது. பல்லிக்கல் என்பார்கள். ஒரேயடியாகப் போகிறவர்கள் அதன்மேல் பெயிண்டை ஊற்றிவிட்டுப் போவார்கள். அப்படி ஊற்றியவர் திரும்பி வரவே மாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. தீவைப் பிடிக்காதவர்கள் பெரிய டப்பாவாக வாங்குவார்கள். டோரிண்டா அந்தப் பக்கமே போகவில்லை.

அவளோடு இருபத்தாறு வருஷம் ஒரே அடுப்பில் வெந்து, புருஷன் வேலையால் மட்டும் தீவில் தங்க முடிந்த மேவிஸுக்கு இது பொறுக்கவில்லை. பாவம், துக்கத்தில் மறந்துவிட்டாள், நாமே செய்துவிடுவோம் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கல்லுக்கு மஞ்சள் அடித்து, சிவப்பில் ‘டோரிண்டா யோன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள். மறுநாள் மாலை பெருமையாகக் கூட்டிப் போய்க் காட்டினாள்.

டோரிண்டா கல்லையே பார்த்தாள்.

“என்னடி பண்ணி வச்சிருக்க?”

“அவசரத்துல நீ மறந்துட்டியேன்னு...”

“மறக்கலடி. வேணாம்னுதான் விட்டேன்.”

மேவிஸின் முகம் செத்துவிட்டது. “கழுவிடலாமா?”

“எண்ணெய் பெயிண்டு. உன் பேரப் பிள்ளைங்க காலத்துலயும் போகாது,” என்றான் கூட வந்திருந்த சிரில் க்ரௌவி.

சிரில் மின்நிலையத்தில் வேலை பார்ப்பவன். செயின்ட் ஹெலினாக்காரன், மனைவியை இழந்தவன். ஊரில் அவனுக்கு ஸ்பானர் என்று பெயர். ஒற்றை ஆள், ஆனால் ஆறு வருஷமாகத் தினமும் காலையில் இரண்டு ரொட்டி வாங்குவான். அது எதற்கென்று தீவில் எல்லாருக்கும் தெரியும், சுட்டுக் கொடுத்தவளைத் தவிர.

“கல்லுல என்ன எழுதியிருக்கு? டோரிண்டா யோன். டோரிண்டா க்ரௌவின்னு யாரும் எழுதலியே,” என்றான் அவன்.

மேவிஸுக்குத்தான் முதலில் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன ஸ்பானர், என்மேல இரக்கமா?” என்றாள் டோரிண்டா.

“எனக்கு இன்னும் மூணு வருஷம் ஒப்பந்தம் இருக்கு. பெண்டாட்டின்னா கூட இருக்க விடுவாங்க. இரக்கப்படறவன் ஆறு வருஷமா ரெண்டாவது ரொட்டியக் கழுதைக்குப் போடுவானா?”

“நான் சுட்டதக் கழுதைக்கா போட்ட?”

“கடையில வந்து உன்னோட நின்னு பேச வேற என்ன வழி?”

“சரி, மூணு வருஷம் கழிச்சு?”

“அப்ப ரெண்டு பேரும் வேற யாரையாவது கட்டிக்க வேண்டியதுதான்.”

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கோபமும் இருந்தது. சொந்த ஊரில் தங்க இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம். ஆனால் அந்தக் கை அவளுக்குப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் கல்யாணம். குற்ற உணர்ச்சியில் மேவிஸ் மலைபோல மீன் வடை சுட்டு அடுக்கினாள். அவள் நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட் அப்போதும் போகவில்லை.

திங்கட்கிழமை புதுத் தம்பதி தங்கும் அனுமதிக்காக அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். இங்கிலாந்திலிருந்து எட்டு மாதத்துக்கு முன் வந்த இளம் அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டான். படிவத்தில் சிரில் ஊழியர், டோரிண்டா அவரைச் சார்ந்தவர்.

“பிறந்த இடம்?”

“ஜார்ஜ்டவுன்.”

“பிறந்த தேதி?”

“பன்னெண்டு மே, அறுபத்து மூணு.”

“தீவுக்கு வந்த தேதி?”

“பன்னெண்டு மே, அறுபத்து மூணு.”

“மேடம், அது நீங்க பிறந்த தேதி. நான் வந்த தேதியக் கேக்கறேன்.”

“அதேதான் தம்பி. காலையில ஏழு மணிக்கு வந்தேன்.”

அவன் படிவத்தில் மேலே, பிறந்த இடம் என்ற கட்டத்தைத் திரும்பப் படித்தான். பிறகு அந்தத் தேதியையே எழுதினான்.