எல்லார் காதிலும் விழுந்த கேள்வி

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் சைரன். வேலை காலர் தைப்பது. இருநூறு தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சலில் பன்னிரண்டு வருஷம் பேசிப் பேசி அப்படியொரு தொண்டை வாய்த்துவிட்டது. வீட்டில் அவள் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து நிற்பார்.

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், மூன்று நாள் முன்னாலேயே அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. பையில் ஒன்றும் இல்லை. மாசக் கடைசி. கை இறுகினால் எந்த வீட்டிலும் முதலில் வாங்காமல் நிற்பது நாப்கின் பாக்கெட்தானே. இரண்டு வரிசை தள்ளிப் பட்டன் தைக்கிறவள் இருந்தாள். சைரன் எழுந்து நின்று, வாயருகே கையைக் குவித்து, "ஏண்டி, உன்கிட்ட…" என்று ஆரம்பித்தாள். கரண்ட் போனது. மெஷின்கள் மொத்தமும் அடங்கின. வாய் மட்டும் அடங்கவில்லை.

"…பேடு இருக்கா? எனக்கு வந்துடுச்சு!"

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இஸ்திரி போடும் ஆண்கள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே நின்றார்கள். கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"வந்துடுச்சா? இன்ஸ்பெக்ஷன் டீம் வந்துடுச்சா?"

அவ்வளவுதான். பட்டன்காரி மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பரவி, கடைசி மூலைவரை பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

சைரனுக்குக் காதுமடல் எரிந்தது. ஆனால் அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டீம் வரல சார். இது மாசாமாசம் வர்றது. மானம்தான் போயாச்சே, முழுசாவே சொல்லிடறேன். இங்க பாதிப் பேருகிட்ட பேடு வாங்கக் காசில்ல. வெட்டிப் போட்ட துண்டுத் துணியத்தான் எடுத்து வச்சுக்கறோம். சாயம் பட்டு அரிக்குது, புண்ணாகுது. பாத்ரூம் போகப் பயந்து தண்ணியே குடிக்கறதில்ல. முடியாதவ ரெண்டு நாள் லீவு போட்டா, சோம்பேறிங்கன்னு நோட்டீஸ் ஒட்டறீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. துணி வெட்டும் மாஸ்டர் மெல்லச் சொன்னார்: "துண்டு காணோம்னு நான் இத்தனை நாளா எலியத் திட்டிட்டு இருந்தேன்."

மறுபடியும் சிரிப்பு வெடித்தது. மேனேஜர் முகம் தக்காளிப் பழம் மாதிரி ஆனது. "சரிம்மா… ஏற்பாடு பண்றேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

சொன்னபடி செய்தார். அடுத்த திங்கட்கிழமை பாத்ரூம் வாசலில் ஒரு பெட்டி நிறைய பேடுகள், சோப்பு, மூடி போட்ட குப்பைத்தொட்டி. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பத்து மணிக்குள் பெட்டி காலி.

மேனேஜர் கொதித்துப்போனார். "நூத்தம்பது பேடு! ரெண்டு மணி நேரத்துல! இது திருட்டு இல்லையா?"

"அதுல நாலு நான் எடுத்தது சார்" என்றாள் சைரன். "என் பொண்ணு மாசாமாசம் அந்த மூணு நாளும் பள்ளிக்கூடம் போகாம வீட்டுல உக்காந்துக்குவா, அவளுக்கு. மத்தவங்க நாளைக்கு இருக்காதுன்னு பயந்து எடுத்திருப்பாங்க. தினமும் ரொப்பிப் பாருங்க. பயம் போச்சுன்னா பெட்டியில தானா தங்கும்."

அரைமனதாகத்தான் நிரப்பினார். செவ்வாய் காலி. புதன் காலி. வியாழன் சாயங்காலம் ஆறு மிஞ்சியது. வெள்ளிக்கிழமை நாற்பது! பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி மேனேஜர் சைரனின் மெஷினுக்கே ஓடிவந்தார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் இரண்டாவது டம்ளருக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த மாசத்துக்கு ஆர்டர் குடுக்கணும்மா. இறக்கை வச்சதா, இறக்கை இல்லாததான்னு கடைக்காரர் கேக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அதுக்கு எதுக்கு இறக்கை?"

"வச்சதே வாங்கிட்டு வாங்க சார்" என்று குழாயடியிலிருந்து பட்டன்காரி கத்தினாள். "பறந்தே காட்டறோம்!"