தண்ணீரில் அளந்து சாற்றுக்கு எழுதிய கணக்கு

டீக்குச் சர்க்கரை போடவும் தராசைத் தேடுகிற பெண்ணோடு பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டதாக அவள் கணவர் அலுத்துக்கொள்வார். பழச்சாறு ஆலையில் அவளுக்கு லேப் அக்கா என்று பெயர். அவள் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது.

அங்கே சாற்றைக் கொதிக்க வைப்பதில்லை. மெல்லிய குழாயில் ஓடவிட்டு, புற ஊதா ஒளியைப் பாய்ச்சிக் கிருமிகளைக் கொல்வார்கள். சாற்றைத் தாண்டி எவ்வளவு ஒளி வருகிறது என்பதை மீட்டர் காட்டும். ஆப்பிள் சாறு இருந்தவரை வம்பில்லை. புதிதாகக் கேரட் சாறு வந்ததும், ஒளி ஊடுருவ முடியாமல் மீட்டர் சிவந்தது. மேனேஜர் மகா புத்திசாலி. சோதனை ஓட்டம் நடந்த நாட்களில் தினமும் காலையில் வெறும் தண்ணீரை ஓடவிட்டு அளக்கச் சொன்னார். மீட்டர் பச்சையாகச் சிரித்தது. அந்த எண்ணையே சாற்றுக்கும் எழுதினார்கள். ஜுரக்காரனை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெர்மாமீட்டர் வைத்த கதைதான்.

விற்பனைக்குப் போகும் முதல் லோடு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு என்று தெரிந்ததும் லேப் அக்கா தானே சோதித்துப் பார்க்கத் துணிந்தாள். கிருமிக்குப் பதிலாகத் தீங்கில்லாத ஈஸ்ட்டை எண்ணிச் சாற்றில் கலந்து, இயந்திரத்தில் ஓடவிட்டு, இரண்டு நாள் தட்டில் வளர்த்துப் பார்த்தாள். லட்சத்தில் தொண்ணூறாயிரம் உயிரோடு இருந்தன. விளக்கடியில் குளிர் காய்ந்துவிட்டு வந்திருக்கும் போல.

மறுநாள் லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. மேனேஜர் சரக்கை வெளியே விடும் தாளை நீட்டினார்.

"போடும்மா கையெழுத்த. மீட்டர் பச்சைதானே காட்டுது?"

"அது தண்ணிக்கு சார். நாம விக்கிறது தண்ணியா?"

"ஒளி நல்லா படணும், குழாய மாத்து, பம்ப மெதுவா ஓட்டுன்னு ஆரம்பிக்காத. அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். கணவருக்கு வேலை போய் எட்டு மாதம்.  ஆனாலும் அவள் பேனாவை எடுக்கவில்லை. அந்த லோடிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்து, டம்ளர் தளும்ப ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க சார். உடனே போடுறேன்."

மேனேஜர் டம்ளரைப் பார்த்தார். "எனக்குக் கேரட் ஒத்துக்காதும்மா."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க பேத்தி குடிக்கும்ல?"

மேனேஜர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.  லாரியைத் திருப்பச் சொல்லிப் போன் செய்தார். போகும்போது குரலைத் தாழ்த்தினார்.

"காரணம் கேட்டா, கரண்ட் போச்சுன்னு எழுதிடும்மா."

லேப் அக்கா தாளை இழுத்துக்கொண்டு, லோடை நிறுத்திய காரணம் என்ற கட்டத்தில் முத்து முத்தாக எழுதினாள்: 'மேனேஜர் குடிக்க மறுத்துவிட்டார்.'