கடைக்காரர் வாசித்த கடிதம்

புதிய தோல்பையைத் திறந்ததும் எழுந்த வாசம், எண்பதுகளில் பம்பாய்த் தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்துக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. தோல் பட்டறையின் நெடியும் குழாயடியில் குடங்கள் உரசும் சத்தமுமாக இருந்த அந்தச் சந்தில், மத்தியானம் தண்ணீர் நின்றபின், கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் இன்லேண்ட் லெட்டரை விரித்து, அக்காமார் சொல்லச் சொல்ல ஊருக்குக் கடிதம் எழுதித் தருவேன். எனக்குப் பத்து வயது.

சொன்னதை அப்படியே எழுதுவதுதான் எழுத்து என்று நம்பியிருந்தேன். புருஷன் அடிப்பதை அடுத்த வீட்டுச் செல்லத்தாய் அக்கா திருநெல்வேலிப் பக்கமிருந்த தன் அம்மாவுக்கு எழுதச் சொன்னாள், எழுதினேன். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவளுக்கு வரும் கடிதத்தை ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர்தான் சத்தமாக வாசிப்பார். கடையில் நின்றவர்கள் எல்லோரும், அக்காவின் மாமியாரும்கூட, கேட்டுவிட்டார்கள்.

குடும்ப மானத்தை வாங்கிவிட்டாயே என்று மாமியாரிடமிருந்து பதில் வந்தது. அதையும் நான்தான் அக்காவுக்கு வாசித்துக்காட்டினேன். அடுத்த கடிதத்தில் ‘நலம்’ என்று மட்டும் எழுதச் சொல்வாள் என்று நினைத்தேன்.

அக்கா புதுத் தாளை விரித்தாள். “ஊரே கேக்குதுல்லா? அப்போ எந்தெந்தக் கெழம அடிச்சாருன்னும் சேத்து எழுது புள்ள. கடக்காரரு திக்காம வாசிக்கணும், எழுத்தப் பெருசாப் போடு.”

அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. யார் யார் கேட்பார்களோ என்று பேனா தயங்கும்போதெல்லாம் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்கிறேன்.