தட்டிலிருந்து வந்த மண்வாசனை

கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கூடாது. எங்கள் ஆய்வகச் சுவரில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனாலும் இந்தத் தொழிலில் மூக்கை அடக்குவது கஷ்டம். கண்ணுக்குச் சந்தேகமாக இருப்பதை மூக்கு பட்டென்று சொல்லிவிடும்.

நாங்கள் தடுப்பூசி தேடிக்கொண்டிருந்த கிருமி சேற்றில் வாழ்வது. காலில் ஒரு கீறல் போதும், உள்ளே நுழைந்துவிடும். ரத்தத்தில் பரவினால் ஆளையே முடித்துவிடும். சிலர் உடம்பில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். அன்று காலை என் மேசைக்கு வந்தது தடுப்பூசிக்காக வீரியம் குறைத்த வகை. அந்தத் தைரியத்தில் மூடியைத் தூக்கி மோந்தேன். முதல் மழைக்கு எங்கள் ஈஜிபுரா தெருவில் கிளம்பும் அதே மண்வாசனை. நன்றாகவே இருந்தது, சனியன்.

மத்தியானம் பக்கத்து மேசைப் பெண் வெளிறிப்போய் வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டு தட்டுலயும் லேபிள் மாறிப்போச்சு. உங்ககிட்ட வந்தது ஒரிஜினல். திறந்தீங்களா?"

"திறந்தது மட்டுமா? மோந்தும் பார்த்தேன்டி."

"அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி இரண்டடி பின்னால் போனாள். லேபிள் ஒட்டியவளே அவள்தான். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. ஆனால் மோந்தது என் மூக்குதானே.

இருபத்தொரு நாள் மாத்திரை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர். நான்கு வயது மகளைக் கிட்டே விடவே பயந்தேன். ஆளுக்கு ஆள் சுலபமாகத் தொற்றாது என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"படிச்சவ நீயே இப்படி பயந்தா எப்படி?" என்றார் வீட்டுக்காரர்.

"படிச்சதாலதான்யா பயம்!" என்று எரிந்து விழுந்தேன்.

காய்ச்சல் வரவில்லை. ஆனால் கிருமி உள்ளே நுழைந்த அடையாளம் ரத்தத்தில் இருந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எங்கள் ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும் அன்றே எல்லோரிடமும் ரத்தம் எடுத்து உறையவைப்பது வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடைய அந்தப் பழைய ரத்தத்தையும் சோதித்தார்கள்.

டாக்டர் கூப்பிட்டு, "பழசுலயும் இருக்கும்மா. அதே அளவு" என்றார்.

அப்படியென்றால் நான் மோந்த தட்டிலிருந்து வந்ததல்ல. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு சேற்றிலிருந்து எனக்குள் வந்திருக்கிறது. உடம்பெல்லாம் கூசியது.

"போயிடுச்சா, இல்ல இன்னும் உள்ளதான் இருக்கா டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தா உடனே வாங்க."

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் மகள் தெருச் சேற்றில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். மூக்கைத் தூக்கி ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"அம்மா, நல்லா வாசமா இருக்கும்மா!"

ஓடிப்போய்த் தூக்கிவந்து அவள் கால்களைக் கழுவினேன். சேறு போனதும் பெருவிரலோரம் ஒரு சின்னக் கீறல் தெரிந்தது. அலமாரியில் வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன்.